இரண்டு அரங்கங்களும் ஒரு வாய்ப்பூட்டும்

பார்க்க வேண்டியது ஏதாவது இருந்தால் இப்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள் என்று கண் டாக்டர் சொன்னபோது எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. ஊறுகாய் போட்டு வைத்துக்கொள்ளச் சொல்கிற மாதிரி அவ்வளவு லேசாகச் சொன்னார். என் பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வந்து நடுவில் ஒரு தட்டளவுக்கு மிச்சமிருந்தது. வெளிச்சம் இருந்தால் அந்தத் தட்டுக்குள் எல்லாம் துல்லியமாகத் தெரியும். வெளிச்சம் இறங்கினால் தட்டும் கிடையாது. இன்னும் சில வருஷத்தில் அதுவும் போய்விடும், வைத்தியம் எதுவும் இல்லை என்றார்.

எதைப் பார்ப்பது என்று ஸ்டாஃப் ரூமில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். தாஜ்மகால் என்றார்கள், வேளாங்கண்ணி என்றார்கள். நான் காவிரி என்றேன். நான் பிறந்தது குளித்தலையில், ஆற்றங்கரைத் தெருவில். கல்யாணமாகி பெங்களூர் காக்ஸ் டவுனுக்கு வந்து பதினைந்து வருஷமாக அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சராக இருக்கிறேன். காவிரி மூன்று இடத்தில் இரண்டாகப் பிரிந்து தீவு போடுகிறது, மூன்று தீவிலும் பெருமாள் படுத்திருக்கிறார் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். ஸ்ரீரங்கப்பட்டணம் ஆதி ரங்கம், சிவனசமுத்திரம் மத்திய ரங்கம், கடைசியில் எங்கள் ஸ்ரீரங்கம். கடைசி ரங்கனைக் கணக்கில்லாமல் பார்த்தாகிவிட்டது. மேலே இருக்கிற இரண்டு பேரையும், நடுவில் இருக்கிற கோயில்களையும் கண் இருக்கும்போதே பார்த்துவிட வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன்.

என் கணவர் தேவராஜ் காக்ஸ் டவுனிலேயே பிறந்தவர். வீட்டில் தமிழ், ஃபாக்டரியில் கன்னடம், கறிக்கடையில் உருது என்று இடத்துக்கு ஏற்றபடி நாக்கு திரும்பும். தொண்ணூற்றொன்று காவிரிக் கலவரத்தில், தமிழன் கடை என்று அவருடைய அண்ணனின் டீக்கடையை எரித்தார்கள். அது எரியும்போது இவர் எதிர்ச் சந்தில், எரித்தவர்களோடு சேர்ந்து நின்று கன்னடத்தில் கோஷம் போட்டுக்கொண்டிருந்தாராம், உயிர் பிழைப்பதற்காக. அதை என்னிடம் ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறார். நாங்கள் கிளம்பிய வருஷமும் மழை ஏமாற்றி, காவிரித் தண்ணீருக்காக மறியலும் பந்த்தும் நடந்து ஓய்ந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. அதனால் எனக்கு ஒரு கண்டிஷன் போட்டார்.

“மெஜஸ்டிக்ல பஸ் ஏறனதுல இருந்து திரும்பி வர்ற வரைக்கும் நீ வாயத் தொறக்கக் கூடாது. இன்னா வேணும்னாலும் என் கைய அமுக்கு, நான் பேசிக்கறேன்.”

“எனக்குக் கொஞ்சம் கன்னடம் வருமே” என்றேன்.

“அந்தக் கன்னடத்துக்கு நீ தமிழே பேசலாம்.”

அதில் தப்பு சொல்ல முடியாது. காக்ஸ் டவுன் மார்க்கெட்டில் கீரைக்காரி தமிழ், பால்காரர் தமிழ், பூக்காரி தமிழ். கன்னடம் கற்றுக்கொள்ள எனக்கு அவசரமே வரவில்லை. நாற்பது பிள்ளைகளைக் கத்தி அடக்குகிறவள் வாயைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

முதல் நாள். மத்தூரில் பஸ் நின்றபோது ஜன்னல் வழியாக வடை வாங்கிக் கொடுத்தார். தட்டை மாதிரி பரந்த வடை, வெங்காயம் நிறைய, ஓரம் மொறுமொறுவென்று இருந்தது. நன்றாக இருக்கிறது என்பதற்கு அவர் கையை ஒரு தடவை அமுக்கினேன். மண்டியா பக்கம் கரும்பு வயல்கள் பாதி வெட்டியும் பாதி காய்ந்தும் கிடந்தன. ஒரு நீளச் சுவர் முழுக்கச் சிவப்பு மையில் எழுதியிருந்தார்கள். என்ன அது என்று மோவாயைத் தூக்கிக் காட்டினேன். அவர் காதோரம் குனிந்து, “சினிமா விளம்பரம்” என்றார். கன்னட எழுத்து எனக்குப் படிக்க வராது. ஆனால் எழுத்துக்குப் பக்கத்தில் வரைந்திருந்த அணைக்கட்டும் அதன் மேல் ஓங்கியிருந்த முஷ்டியும் என் தட்டுக்குள் நன்றாகத் தெரிந்தன. நான் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை.

ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஆறு பாறை பாறையாக இருந்தது. பாறைகளுக்கு நடுவே தண்ணீர் ஒளிந்து ஒளிந்து போனது. குளித்தலையில் மணல், இங்கே பாறை. வறட்சி மட்டும் இரண்டு ஊருக்கும் ஒன்றுதான். இதற்காகவா இந்தச் சண்டை என்று கேட்க வாய் துடித்தது.

கோட்டைக்குள் கோயில். அங்கே போன பிறகுதான் என் பயணத்தின் மடத்தனம் எனக்கே உறைத்தது. சாமி இருக்கிற இடமெல்லாம் இருட்டு! வெளிச்சத்தில் மட்டுமே பார்க்கத் தெரிந்த கண்ணை வைத்துக்கொண்டு சாமி பார்க்கக் கிளம்பியிருக்கிறேன். பிறந்ததிலிருந்து கோயில் கோயிலாகப் போனவளுக்கு இது முன்பே தோன்றியிருக்க வேண்டாமா? சந்நிதி வாசலில் அவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். தீபாராதனை காட்டினார்கள். ஒரு சுடர் மட்டும் இடமிருந்து வலமாகத் தனியாக மிதந்து போனது. அதற்குப் பின்னால் இருக்கிறவர் எனக்குத் தெரியவில்லை. தாங்காமல், “எப்படி இருக்கார்?” என்று அவர் காதில் கேட்டுவிட்டேன். முழங்கையில் ஒரு கிள்ளு விழுந்தது. பிறகு கன்னடத்தில், “சென்னாகிதாரே” என்றார். நன்றாக இருக்கிறாராம். ஆஸ்பத்திரியில் பெரியப்பாவைப் பார்த்துவிட்டு வந்து சொல்கிற மாதிரி.

இதில் வேடிக்கை என்னவென்றால், உள்ளே பட்டர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டது தமிழ். “தளிகை வந்துடுத்தா பாருடா” என்று ஒரு குரல். “இன்னும் வரலை” என்று இன்னொன்று. தலைமுறை தலைமுறையாகக் கன்னட தேசத்தில் இருக்கிற ஐயங்கார்கள் வீட்டுக்குள் பேசுகிற, கன்னடம் ஊறிய தமிழ். வெளியே வந்ததும் அவர் விலாவில் இடித்தேன். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: “அவுங்க அய்யருங்க. அவுங்கள யாரும் கேக்க மாட்டாங்க. நம்ம கத அப்டியா?”

சாயங்காலத்துக்கு முன்னால் திப்புவின் கோடை மாளிகைக்குப் போனோம். சுவர் முழுக்க யுத்தம் தீட்டியிருக்கிறது. காஞ்சிபுரம் பக்கத்தில் வெள்ளைக்காரனைத் தோற்கடித்த யுத்தமாம். வெயில் படாமல் இருக்கத் துணி மறைப்பு கட்டி அரை வெளிச்சமாக வைத்திருந்தார்கள். எனக்கு யுத்தம் தெரியவில்லை. ஒரு குதிரையின் காது தெரிந்தது, நகர்ந்தால் ஒரு மீசை, இன்னும் நகர்ந்தால் தலையில்லாத ஒரு கழுத்து. சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள், எனக்குத் தமிழில் விவரித்துச் சொல்ல அவர் பயந்தார். எனக்கு அழுகை வந்தது. அழுவதற்கு மொழி தேவையில்லை என்பதால் கொஞ்சம் அழுதேன்.

இரண்டாம் நாள் காலை சோமநாதபுரம். சொல்லிவிட வேண்டும், அங்கே ஒரு மணி நேரம் நான் சந்தோஷமாக இருந்தேன். கோயில் பெரிய கூடத்துக்குள் வைத்த நகைப்பெட்டி அளவுதான். எல்லாம் வெளிச்சுவரில், வெயிலில், கைக்கெட்டும் உயரத்தில். சிற்பி என் கண்ணை அளந்து செதுக்கியிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். அடியில் யானை வரிசை. ஒரு யானை என் தட்டுக்குள் முழுசாக வரும், அது போனால் அடுத்தது. ஒன்று துதிக்கையால் மரக்கிளையை ஒடிக்கிறது, ஒன்று முன்னால் போகிறதன் வாலை முட்டுகிறது. விரலால் தடவிக்கொண்டே சுற்றி வந்தேன்.

விசில் சத்தம் கேட்டது. தொடக் கூடாது என்று காவலாளி ஓடி வந்தார். என் கணவர் குறுக்கே போய், இவளுக்குக் கண் சரியில்லை என்று கன்னடத்தில் சொன்னார். காவலாளியின் குரல் உடனே இறங்கிவிட்டது. “எந்த ஊர் தாயி உனக்கு?” என்று நேராக என்னிடமே கேட்டார். அந்த அன்பான குரலுக்கு நான் வாயைத் திறந்தேவிட்டேன். அதற்குள் இவர் முந்திக்கொண்டார்.

“அவளுக்குப் பேச்சு வராது.”

காவலாளி இரண்டு கையையும் எடுத்து என்னைக் கும்பிட்டார். தடவிக்கொள், தாயி, என்றார். அதன் பிறகு யானைகள் மேல் என் விரல் ஓடவில்லை. வெளியே வந்து அவரை முறைத்தேன். “சட்னு வாய்ல வந்துட்ச்சு” என்று தரையைப் பார்த்தார்.

ஒரு தடவை சொன்னதை அங்கேயே விட்டிருக்கலாம். தலைக்காடு பஸ்ஸில் என் பக்கத்தில் பூக்கூடையோடு கெம்பம்மா என்று ஒருத்தி உட்கார்ந்தாள். தலைக்காட்டுக் கோயில் வாசலில் பூ விற்கிறவள். என்னிடம் ஏதோ கேட்டாள், இவர் பின் சீட்டிலிருந்து என் கண்ணைப் பற்றிச் சொல்லி, கூடவே அதே பொய்யையும் எடுத்து நீட்டினார். கண்ணும் இல்லை, பேச்சும் இல்லையா என்று அந்தப் பெண் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அவள் சொன்னது எனக்குப் பாதிக்குமேல் புரிந்தது. எங்கள் ஊரில் வைத்தியநாதர் இருக்கிறார், தீராத நோயெல்லாம் தீர்ப்பார், உனக்காக நான் வேண்டிக்கொள்கிறேன் என்றாள். சுயமரியாதை உள்ளவளாக இருந்தால் அப்போதே நான் பேசியிருக்க வேண்டும்.

பாதி வழியில் டயர் பஞ்சர். ஸ்டெப்னியிலும் காற்றில்லை. டிரைவர் பெட்டிக்கடை நிழலில் துண்டை விரித்துப் படுத்துவிட்டார். பக்கத்தில் ஒரு மெஸ்ஸில் ராகி முத்தையும் மொச்சைக்கொட்டைச் சாறும் சாப்பிட்டோம். எங்கள் ஊர்க் களிதான், ஆனால் மெல்லக் கூடாது, சாற்றில் புரட்டி விழுங்க வேண்டும். நான் மெல்லுவதைப் பார்த்து மெஸ் முழுக்கச் சிரித்தது. அதுவரை அந்தப் பயணத்தில் என் வாய் செய்த ஒரே பிரசங்கம் அதுதான். தலைக்காடு போய்ச் சேரும்போது வெயில் மஞ்சளாகியிருந்தது.

தலைக்காட்டில் கோயில்கள் மணல் மூடிக் கிடக்கின்றன. எல்லாவற்றையும் இழந்த ஒரு பெண் ஆற்றில் குதிக்குமுன் இந்த ஊர் மணலாகப் போக என்று சாபமிட்டாளாம். தைல மரங்களுக்கு நடுவே மணல் மேடு ஏறி இறங்கினால், பள்ளத்தில் தோண்டி எடுத்த ஒரு கோயில். மறுபடி மேடு, மறுபடி பள்ளம். ஒரு மேட்டின் மேல் என்னை நிறுத்திவிட்டு, கடைசி பஸ் எப்போது என்று விசாரிக்க அவர் கீழே போனார். “இங்கயே நில்லு. அசையாத.”

நான் அசைந்திருக்க மாட்டேன். எக்ஸ்கர்ஷன் வந்த பள்ளிப் பிள்ளைகள் கூச்சலோடு மேலேயிருந்து ஓடி வந்தார்கள். ஒதுங்கினேன், மணல் சரிந்தது, சறுக்கிக்கொண்டே ஒரு பள்ளத்தில் போய் உட்கார்ந்தேன். அடிபடவில்லை. எழுந்து நின்று பார்த்தால் மேடும் இல்லை மரமும் இல்லை. வெளிச்சம் இறங்கிவிட்டிருந்தது.

எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. முதலில் அவர் குரல் கன்னடத்தில் கேட்டது, எங்கே இருக்கிறாய் என்று. பிறகு இன்னும் நாலைந்து ஆண் குரல்கள். அவர் ஆள் சேர்த்துவிட்டார். என் மனைவி, கண் தெரியாது, பேச்சு வராது என்று அவர்களுக்கு அவர் சொல்லிக்கொண்டிருப்பது காதில் விழுந்தது. நான் வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன். தமிழில் ஒரு வார்த்தை கத்தினால் அத்தனை பேர் முன்னால் அவர் பொய்யராகிவிடுவார். எரிந்த டீக்கடை ஞாபகம் வந்தது. கை தட்டினேன். காற்றும் மர இலைகளும் போட்ட சத்தத்தில் அது எனக்கே சரியாகக் கேட்கவில்லை. குரல்கள் தள்ளிப் போயின. இனிமேல் எல்லாச் சாயங்காலமும் இப்படித்தான் இருக்கப்போகிறது என்ற நினைப்பு அப்போதுதான் முழுசாக வந்தது. ஆனாலும் கத்தவில்லை.

அப்போதுதான் அது கேட்டது. அவர் குரல்தான், ஆனால் அப்படி ஒரு குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

“செல்வீ! எங்கடி கீற? வாயத் தொறந்து கத்துடி! கத்துடி செல்வீ!”

“இங்க இருக்கேங்க! பள்ளத்துல!”

வகுப்பறைக் குரல். மேட்டின் மேல் சட்டென்று எல்லாப் பேச்சும் நின்றது. டார்ச் வெளிச்சம் ஒன்று ஆடிக்கொண்டே இறங்கி வந்தது. அவர் வந்து என் இரண்டு தோளையும் பிடித்தார். சுற்றிலும் ஆட்கள் நிற்பது மூச்சில் தெரிந்தது. அடி விழப்போகிறது என்று கண்ணை இறுக்கிக்கொண்டேன்.

“பேச்சு வந்துவிட்டது!” என்று கன்னடத்தில் ஒரு பெண் அலறினாள். கெம்பம்மா! “நான் வேண்டிக்கொண்டேன், பேச்சு வந்துவிட்டது! வைத்தியநாதா!” ஆண்கள் கன்னத்தில் போட்டுக்கொள்ளும் சத்தம் கேட்டது. அவள் கூடையில் மிச்சமிருந்த மல்லிகை முழுவதையும் என் தலையில் வைத்து அழுதாள். என்ன மொழியில் பேச்சு வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. என் கணவரின் பொய், போட்ட அன்றைக்கே ஸ்தல புராணமாகிவிட்டது. இல்லாத நோயை வைத்தியநாதர் தீர்த்துவிட்டார். இருக்கிற நோயை அவர் கண்டுகொள்ளவில்லை.

எல்லோரும் போன பிறகு அவர் கேட்டார். “நான் கூப்ட்டது கேக்கலியா?”

“கேட்டுச்சு.”

“அப்றம் ஏன்டி கத்தல?”

“பேச்சு வராதுன்னு சொல்லி வச்சிருந்தீங்களே. நான் பேசினா உங்கள அடிப்பாங்கன்னு நினைச்சேன்.”

அவர் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். கடைசி பஸ்ஸுக்கு நான்தான் அவரைக் கைபிடித்து எழுப்பினேன்.

மூன்றாம் நாள், சிவனசமுத்திரம் போகிற வழியில் ஒரு டீக்கடையில், “ரெண்டு காபி குடுப்பா, ஒண்ணுல சக்கர கம்மி” என்று சத்தமாகத் தமிழில் கேட்டார். கடைக்காரர் திரும்பிக்கூடப் பார்க்காமல் தமிழிலேயே “பைட்டூ போதுமா, ஃபுல்லா?” என்றார். ஒரு காபியை இரண்டாகப் பங்கிட்டுத் தருவது பைட்டூ. இவருக்கு முகம் செத்துப்போயிற்று. அத்தனை வருஷப் பயத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் காபியை ஊதிக்கொண்டே இருந்தார்.

சிவனசமுத்திரத்தில் அருவி இல்லை. அருவி விழுகிற பாறை இருந்தது, அதில் தண்ணீர் வழிந்த கறுப்புக் கோடு இருந்தது. “தண்ணி இல்ல செல்வி” என்றார். “அது தெரியுது” என்றேன். அங்கிருந்து கோயிலுக்குப் போகிற வழியில் அவருக்கு மத்திய ரங்கனைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தேன். மூன்று பேரில் இவர்தான் வாலிபர், சின்ன முகம், அழகர் என்பார்கள். அவர் ம் ம் என்று கேட்டுக்கொண்டார். அவர் கவனமெல்லாம் இறங்கிக்கொண்டிருந்த வெயிலில் இருந்தது. பெங்களூருக்கு நேராகப் போகிற பஸ் ஒன்று கோயிலுக்கு வெளியே புறப்படத் தயாராக நின்றது. அதை விட்டால் அடுத்தது இருட்டிய பிறகுதான். இன்னொரு சாயங்காலத்தை என்னோடு வெளியூரில் கழிக்க அவருக்குத் தெம்பில்லை.

பழைய, சாயம் போன கோயில். உள்ளே நாலு அடி வைத்ததும் என் தட்டு அணைந்தது. பக்கத்தில் இரண்டு மூன்று பேர் நிற்பது தெரிந்தது. உள்ளே மணி விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. வெளியே பஸ் ஹாரன் அடித்தது. அவர் என் முழங்கையை விட்டுவிட்டுத் தோளில் கை போட்டார். பிறகு, கோயில் முழுக்கக் கேட்கும்படி, தமிழில் சொல்ல ஆரம்பித்தார்.

“பட்த்துனு கீறாரு செல்வி. நல்லா கால நீட்டி, ஹாயா. ஒரு கைய தலைக்கு வெச்சினு கீறாரு. சின்ன மூஞ்சி, நீ சொன்ன மாரியே. காலேஜ் பையன் மாரி கீறாரு. கால்கிட்ட அம்மா உக்காந்துனு கீறாங்க. சிரிக்கறாரு செல்வி. கண்ணு தொறந்துதான் கீது. நம்மளத்தான் பாக்கறாரு.”

மணி அடித்துக்கொண்டே இருந்தது. எங்கள் பக்கத்துப் பெருமாள் கோயில்களில் தளிகையை, அதாவது நைவேத்தியத்தை, அமுது செய்விக்கும்போது சந்நிதிக்குத் திரை போட்டுவிட்டு உள்ளே இப்படி மணி அடிப்பார்கள். மணி நிற்கிறவரை திரை திறக்காது, எல்லோரும் திரையைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். அவர் வளர்ந்தது மாரியம்மன் கோயிலில். அங்கே மணி அடித்தால் தீபாராதனை, அம்மன் முகம் ஜொலிக்கும். மணிச்சத்தம் தன்னைக் காட்டிக்கொடுக்கும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? திரைத்துணியைப் பார்த்துக்கொண்டு அந்த மனுஷன் எனக்குப் பெருமாளைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

எனக்குக் கோபம் வரவில்லை. திரை திறந்தாலும் எனக்கு அதே இருட்டுதான். இனிமேல் நான் பார்க்கப்போவதெல்லாம் இவர் சொல்வதைத்தான்.

“பாத்தியா?” என்றார்.

“பாத்தேங்க. போகலாம்.”

வாசலுக்கு வந்து வெயிலில் கால் வைத்தோம். அப்போது பின்னால் மணி நின்றது. கம்பியில் திரை வளையங்கள் ஓடுகிற சத்தம் கேட்டது. உள்ளே நின்றிருந்தவர்கள் ரங்கா, ரங்கா என்றார்கள். என் தோளில் இருந்த கை அப்படியே நின்றுவிட்டது. நான் திரும்பவில்லை, பஸ்ஸைப் பார்த்து நடந்தேன்.

“கண்ணு தொறந்துதான் இருந்துச்சா?” என்று கேட்டேன்.

அவர் எட்டி வந்து மறுபடி என் தோளில் கை போட்டார். பிறகு, “தொறந்துதான் இருந்துச்சு” என்றார்.